மனப்பாடம் செய்யாத கருத்து

ஞாயிறு, இரவு

ஆஸ்டின் டவுன் வாசகர் கூட்டத்துக்கு இன்று மூன்றாவது முறையாகப் போனேன். படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச வேண்டும். இரண்டு முறை தொண்டை சரியில்லை என்று தப்பித்தேன். இன்று ஒரு துப்பறியும் நாவலுக்கு இணையத்தில் வந்த விமர்சனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

எனக்கு முன்னால் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா ஒரு கவிதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசினார்.

"பாதி புரியல. அதுக்கு நான் வெக்கப்படல. ஆனா ஒருத்தி அழுதுட்டு மூஞ்சி கழுவிட்டு வேலைக்குப் போறா பாருங்க, அத படிச்சிட்டே ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன்."

"நல்லவேளை, அந்த பஸ்ஸுல நான் இல்ல," என்றார், சமையல் புத்தகத்தோடு வந்திருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர்.

அக்காவுக்குப் பிறகு அந்த விமர்சனத்தை ஒப்பிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"கொலைகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சிடுச்சு," என்றேன். "ஆனா செத்தவளோட அம்மாகிட்ட கடைசிவரைக்கும் யாருமே ஒரு வார்த்த பேசல. எனக்குக் கோவம் வந்துச்சு."

"இப்படிக் குடும்மா. உன் கோவம் நியாயமான்னு படிச்சிட்டுச் சொல்றேன்," என்று அக்கா புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கல்லூரியில் மூன்று வருடமும் நோட்ஸில் இருந்ததைத்தான் எழுதினேன். நான் நினைத்தது சரியா என்று பார்க்க ஒருவர் புத்தகம் வாங்கிப் போவது இதுதான் முதல் தடவை.

அது நூலகப் புத்தகம், புதன்கிழமை திருப்பித் தர வேண்டும் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.