கம்ப்ளைன்ட் இல்லை, சார்

ஜூன் 9, திங்கள்
இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும் — யாரிடம் கேட்கிறேன்? என்னிடமேதான். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. பிடி தளர்ந்து பாப்பா சரிந்தாள். ஓடிப்போய் வாங்கினேன். கொஞ்சம் கழித்து, "ஏன்ட்டி பிள்ளையைப் பறிக்கே?" என்று சிரிக்கிறார். நடந்தது எதுவும் தெரியவில்லை.

பட்டாளத்தில் வண்டி கவிழ்ந்து தலையில் அடிபட்டவர். ஓய்வுபெற்று வந்த பிறகுதான் இப்படி. அடிக்கடி. பாப்பா கீழே விழுந்திருந்தால்? ஐயோ, வேண்டாம்.

ஜூன் 11
முன்னாள் ராணுவத்தாருக்கான பாலிகிளினிக்குக் கூட்டிப்போனேன். கதவருகே மலையாளத்து நர்ஸ் ஆஷா என்னை நிறுத்தினாள். "பேஷண்ட் மட்டும் போனா மதி, சேச்சி." அவர் மட்டும் போனால் போதுமாம்.

இடுக்கு வழியே பார்த்தேன். டாக்டர் ஒரு ரிட்டயர்டு கர்னல். இவர் அவர் முன்னால் விறைத்து நிற்கிறார். "கம்ப்ளைன்ட் இல்லை, சார்." எப்போதும் தரும் அதே தலைவலி மாத்திரை. டாக்டர் எழுதித் தந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகமுடியும். இவர் வாயைத் திறந்தால்தானே?

வெளியே வந்ததும் கேட்டேன்.

"பட்டாளத்துல சீக்குன்னு சொன்னா மெடிக்கல் கேட்டகரிய இறக்கிருவான். புரமோஷன் போயிரும். அங்க எல்லாவனும் இப்படித்தான் சொல்லுவான்."

"இப்ப என்ன புரமோஷன் வரப்போகுது?"

மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஜூன் 14
ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்தேன். தேடினார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஜூன் 18
மறுபடி போனோம். ஆஷா தடுக்கத் தடுக்க, பாப்பாவோடு உள்ளே நுழைந்துவிட்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வை! ஆனாலும் சொன்னேன். ஜன்னல், பிடி தளர்ந்தது, பாப்பா சரிந்தது, எல்லாம். டாக்டர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"லிங்கராஜ், இங்க நான் கர்னல் இல்ல. உட்காரு."

நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதினார். வீட்டு ஆளையும் உள்ளே விடச் சொல்லி ஒரு மனு கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்புவதாக என்னிடம் சொன்னார்.

பஸ்ஸில் அவர் என்னை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். எனக்கு இப்போது எதற்குப் பயம்? நோய்க்கா, அவருக்கா?

ஜூன் 20
பாப்பாவைக் கேட்டார். முதலில் தரையில் உட்கார்ந்தார். பிறகுதான் கையை நீட்டினார்.

ஜூன் 22
நாளை நரம்பு டாக்டர். என்ன சொல்வாரோ.

மனுவை எழுதி மேஜையில் வைத்திருந்தேன். 'சிலர் நோயை மறைக்கிறார்கள்' என்பது என் வரி. குளித்துவிட்டு வந்து பார்த்தால் அதை அடித்திருக்கிறார். மேலே அவர் கையெழுத்தில்: 'நான் மறைத்தேன்.' பக்கத்தில் தன் பட்டாள நம்பர்.

கடைசி வரியைத் தொடவில்லை. அது நான் எழுதியபடியே இருக்கிறது: 'எங்களையும் உள்ளே கூப்பிடுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.'