எடைக்கு எடை வெல்லம்

அன்பு மகள் ஸ்ரவந்திக்கு அம்மா எழுதறது. இங்க முலுகுல நானும் உங்க அப்பாவும் ரெண்டு எருமையும் சுகமா இருக்கோம், அங்க சூரத்துல நீயும் மாப்பிள்ளையும், வயித்துக்குள்ள இருக்கற மகராசனோ மகராசியோ அதுவும், நல்லா இருக்கணும்னு மேடாரத்து அம்மன் சம்மக்காவை வேண்டிக்கிட்டேதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கறப்ப காகிதம் எதுக்குன்னு கேப்பே. போன்ல நான் வாயைத் திறந்ததுமே சரிம்மா சரிம்மான்னு வெச்சுடறே, இதை அப்படி வெக்க முடியாதில்ல. எதிர்வீட்டு லாவண்யா அங்க வர்றா, அவ கையில குடுத்தனுப்பறேன், நீ முழுசும் படிச்சியான்னு அவகிட்டயே கேட்டுக்குவேன்.

முந்தாநாள் மாப்பிள்ளை உங்க அப்பாவுக்குப் போன் பண்ணி, மாமா இவ காலையில ஒரு சோள ரொட்டி சாயந்திரம் ஒரு டம்ளர் மோரு, அவ்வளவுதான் சாப்பிடறா, குளிச்சிட்டு வர்றப்ப தலை சுத்திக் கீழ உக்காந்துட்டா, டாக்டர் சொன்ன சர்க்கரை ஊசியையும் போட்டுக்க மாட்டேங்கறா, அத்தையை விட்டுச் சொல்லச் சொல்லுங்கன்னு அழாத குறையா சொன்னாரு. ஏண்டி, ஏழு மாச வயித்தை வெச்சுக்கிட்டு உண்ணாவிரதம் இருக்கறியே, நீ என்ன தேர்தல்லயா நிக்கப் போறே? ஸ்கேன்ல புள்ளை பெருசா இருக்குன்னாங்களாம், எல்லாம் நம்ம குண்டு உடம்பாலதான், நாம இளைச்சா அதுவும் இளைச்சிடும்னு நீயா ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சிட்டே. உங்க அப்பா போன மாசம் சொன்ன கேலியும் உன் மனசுல குத்திக்கிட்டே இருக்காம். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லாம இருந்தப்ப, உண்டானா உன் எடைக்கு எடை வெல்லம் கொட்டறேன்னு மேடாரத்துக்கு நேர்ந்துக்கிட்டவ நான். அப்ப நீ ஒல்லி, இப்ப உன்னைத் தராசுல உக்கார வெச்சா ஒரு லாரி தங்கம் வேணும்னு சிரிச்சாரே இந்த மனுசன். அந்த சன்னிதியில வெல்லத்தைத் தங்கம்னுதான் சொல்லணும்னு தெரிஞ்சிருக்கு, புள்ளத்தாச்சிகிட்ட எதைச் சொல்லக் கூடாதுன்னு தெரியலை. ரெண்டு நாளா நான் அவரோட பேசறதில்ல, அதனால எருமைங்களோடதான் பேசிட்டிருக்காரு. அதுங்களும் மூஞ்சியைத் திருப்பிக்குதுங்க.

நேத்து நம்ம ஊரு டாக்டரம்மாவைப் பாத்து எல்லாத்தையும் கேட்டேன். மாசமா இருக்கறப்ப நஞ்சுக்கொடியில இருந்து சில ஹார்மோன் சுரக்குமாம், அது அம்மா உடம்புல இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய விடாதாம், முன்னாடியே எடை கூட இருந்தா இன்னும் முரண்டு பிடிக்குமாம். அப்ப ரத்தத்துல ஏறற சர்க்கரை கொடி வழியா புள்ளைக்குப் போகும், அது தன் பங்குக்கு இன்சுலின் சுரந்து அத்தனையையும் கொழுப்பா சேத்துக்கும். பாத்தியா, நீ வெளிய பட்டினி, உன் புள்ளை உள்ள கல்யாணச் சாப்பாடு. பட்டினி கிடந்து இதைச் சரி பண்ண முடியாது, ரெண்டு பேருக்கும்தான் கெடுதல், கொஞ்சம் கொஞ்சமா வேளை பிரிச்சு சாப்பிடணும், நடக்கணும், அங்கத்து டாக்டர் சொல்ற ஊசியைப் போட்டுக்கணும்னு கண்டிச்சு சொன்னாங்க. ஊசி மருந்து புள்ளைக்குப் போயிடாதான்னு கேட்டேன். கொடியைத் தாண்டாதும்மான்னாங்க. நம்பாம இன்னொரு வாட்டி கேட்டேன், இந்த அம்மா எப்பதான் எழுந்து போகும்ங்கற மாதிரி பாத்தாங்க. எடை ஒரு காரணம்தான், அது ஒண்ணே காரணம் இல்லையாம். உன் சின்னம்மா பத்மா விறகுக் குச்சியா இருந்தா, அவளுக்கும் வந்துச்சே இதே சர்க்கரை, அவளை யாரு குண்டுன்னு சொன்னது?

நீ சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்னு எழுதலாம்னுதான் உக்காந்தேன், ஆனா எனக்குப் பசி தாங்காதுன்னு உனக்கே தெரியும். விளையாட்டா எழுதறேனே தவிர ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உக்காந்துக்கறேன்டி. தலை சுத்தி மாடிப்படியில விழுந்திருந்தா? எனக்குப் பேரப்புள்ளை அப்புறம்தான், முதல்ல நீ.

இன்னைக்குக் காலையில பஸ் ஏறி மேடாரம் போயிட்டு வந்தேன். தாயே, என் மக எடைன்னு நேர்ந்தது அவளை ரொம்ப வாட்டுது, அதை மாத்திக்கறேன், அடுத்த ஜாதரைத் திருவிழாவுக்கு மடியில புள்ளையோட அவ தராசுல உக்காரட்டும், எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும், ரெண்டு பேர்ல ஒருத்தர் குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்னு சத்தமாவே சொல்லிட்டேன். பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க, பாக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், உனக்கு அதுல ரெண்டு பங்கு. படிச்சு முடிச்சதும் எழுந்து போயி சாப்பிடு, ஊசியைப் போட்டுக்கோ, அப்புறம் ஒரு மிஸ்டு கால் குடு, பேச வேண்டாம்.

நீ எத்தனை கிலோ இருந்தாலும் மடியில போட்டுக்கற
அம்மா சரோஜனா