இடது மூலை

மார்ச் 4

கீரைக்காரிக்கு,

நான் நலம். மகளுக்குப் பல் முளைத்ததா? இருபத்திரண்டாம் தேதி உன் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் நீ முனைவர், நான் முனைவரின் புருஷன்.

இந்தப் புது ஆய்வகத்திலும் அதே பிழைப்புதான். கீரையை அரைத்துப் பசுங்கணிகத்தைப் பிரித்து, எந்தெந்த நொதியில் பாஸ்பேட் ஏறுகிறது என்று தேடுகிறோம். ஆனால் உன் ஆய்வேட்டில் உள்ள ஏழு நொதிகளில் ஒன்றுகூட இங்கே சிக்கவில்லை. நொதிகளைப் பிரித்துப் பரப்பும் ஜெல் தகட்டில், எது எந்தப் பக்கம் என்ற அடையாளத்துக்கு எந்த மூலையை வெட்டுவாய்? நான் எப்போதும் இடது மூலை. சும்மாதான் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 10

அன்புள்ள மகளின் அப்பாவுக்கு,

இரண்டு பல். ஆய்வேட்டின் ஓரத்தைக் கடித்துவிட்டாள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால் உங்கள் கை தேய்ந்துவிடுமா?

வலது மூலை. நம் பேராசிரியர் முதல் நாளே சொன்னதுதானே. வயிற்றில் பிள்ளையோடு கதிரியக்கப் பாஸ்பரஸைத் தொடக் கூடாது என்று அதைச் சேர்த்த ஜெல்லை எனக்காக நீங்கள்தான் செய்தீர்கள். அதன் மேல் வைத்து நீங்கள் எடுத்துத் தந்த ஃபிலிமை என் ஜெல்லின் மேல் மூலைக்கு மூலை பொருத்தி, கறுப்புப் புள்ளி விழுந்த ஏழு இடங்களை வெட்டி எடுத்தேன். தேர்வு நேரத்தில் எதற்கு இந்தக் கேள்வி?

மகளின் அம்மா

மார்ச் 15

கண்ணம்மா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஃபிலிமில் இருந்தது என் இடது மூலை. அதை உன் வலது மூலையோடு பொருத்தியபோது ஃபிலிம் குப்புற விழுந்திருக்கிறது. நீ வெட்டிய ஏழும் பக்கம் மாறிய இடங்கள். பாஸ்பேட் ஏறிய நொதிகள் அவையல்ல.

உன்னிடம் சொல்லாமல் இடது மூலையை வெட்டியது நான். பேராசிரியருக்கு நானே எழுதட்டுமா? எழுதினால் உன் நான்கு வருடம் போய்விடும். எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 25

மகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் தேர்வுக்கு மறுநாள் வந்தது.

"இந்த ஏழும் வேற யாருக்கும் கிடைக்கலையே, எப்படிம்மா?" என்று தேர்வாளர் கேட்டார். "ஃபிலிம் எடுத்தது என் வீட்டுக்காரர் சார். அவர் கை தப்பாது" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

நேற்றுக் கடிதத்தோடு பேராசிரியர் அறை வாசல்வரை போனேன். தட்டாமல் திரும்பிவிட்டேன். எழுதுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. உங்கள் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. கொஞ்ச நாள் கடிதம் போடாதீர்கள்.

இன்று ஒரு பெண் புதிதாக ஆய்வுக்குச் சேர்ந்தாள். என் ஏழில் முதல் நொதியை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "அக்கா, இதை முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

"மூணு வருஷம்" என்றேன்.

மகளின் அம்மா