தருமபுரிப் பேருந்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காதது குறித்து

அனுப்புநர்
இரா. கஜபதி,
பரிசோதகர், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை,
தொழிற்சாலைக் குடியிருப்பு,
ஆவடி, சென்னை – 600 054.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
தொண்டைநாடு விரைவுப் பேருந்துக் கழகம்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பூந்தமல்லி வழியாகத் தருமபுரி செல்லும் இடைநில்லாப் பேருந்து – பெண் பயணிகளுக்குக் கழிப்பிட வசதி இல்லாமை – 31.5.92க்கு முன் தீர்வு கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 20.4.92.
2. தங்கள் அலுவலகப் பதில், நாள் 8.5.92.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை 2இல் கண்ட பதில் கிடைத்தது. பதினெட்டே நாளில் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதற்கு நன்றி. அதில் உள்ள எதையும் ஏற்க முடியாததால் மீண்டும் எழுதுகிறேன். முதல் மனுவை யாரும் முழுவதும் படித்த அடையாளம் அந்தப் பதிலில் இல்லை. ஆகவே நடந்ததை மறுபடி சொல்ல அனுமதிக்க வேண்டும்.

2. கடந்த ஏப்ரல் 12, ஞாயிறன்று, தருமபுரியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் மகள் பேபியைப் பார்ப்பதற்காக நானும் என் மனைவி தாயம்மாளும் பூந்தமல்லியில் காலை ஆறேகால் மணிக்குத் தங்கள் பேருந்தில் ஏறினோம். ஏறும் முன் என் மனைவி ஒரு காபி குடித்தார். இந்த மனுவில் அவர் தரப்புத் தவறு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

3. எட்டு மணியளவில் அவருக்கு வண்டியை நிறுத்த வேண்டிய தேவை ஏற்பட்டது. நான் நடத்துநர் திரு. வேம்புலியின் காதருகே சென்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். உதவும் நோக்கத்தோடு, வண்டி முழுவதும் கேட்கும்படி அவர் அறிவித்ததை மாற்றாமல் தருகிறேன்: "லேடீஸ் யாருக்குனா ஒண்ணுக்கு வர்தா? வாயத் தொறந்து சொன்னாத்தானே வண்டிய நிறுத்த முடியும்!" பின் இருக்கையிலிருந்து ஒருவர், "இன்னா மாமே, அட்டண்டன்ஸ் எடுக்கறியா?" என்றார். வண்டியே சிரித்தது. ஐம்பது பேர் திரும்பிப் பார்க்க, என் மனைவி ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டு, வண்டி நிற்காமல் சென்றது.

4. ஓச்சேரி தாண்டி ஒரு புளியமரத்தருகே ஓட்டுநர் தம் சொந்தத் தேவைக்காக வண்டியை நிறுத்தினார். பதினேழு ஆண்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன், மறைக்க விரும்பவில்லை. ஆண்களுக்கு நெடுஞ்சாலை முழுவதும் இருபுறமும் ஒதுக்கப்பட்டிருப்பதை அன்றுதான் கவனித்தேன். ஒரு பெண்ணும் இறங்கவில்லை.

5. பத்தேகால் மணிக்கு ஆம்பூரைத் தாண்டி, தங்கள் கழகம் ஒப்பந்தம் செய்துள்ள சாலையோர உணவகத்தில் வண்டி நின்றது. அங்கே பெண்கள் கழிப்பறை ஒன்று உண்டு. அதன் கதவில் கொண்டை போட்டுப் பூ வைத்த ஒரு பெண்ணின் படம் வரையப்பட்டிருக்கிறது. படம் நன்றாகவே இருக்கிறது. கதவில் பூட்டும் இருக்கிறது. சாவி கேட்டதற்குக் கல்லாவில் இருந்தவர், "மொதலாளிகிட்ட இருக்குங்க. இருந்தாலும் பிரயோசனம் இல்ல, உள்ள வெங்காய மூட்ட அடுக்கியிருக்கு" என்றார். வெங்காயத்துக்குக் காற்றோட்டமான அறை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டுப் பெண்கள் அந்தக் கதவுவரை நடந்து, படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

6. வண்டி மீண்டும் கிளம்பியபின், பக்கத்து இருக்கையில் இருந்த குமணன்சாவடி அங்கம்மா என்பவர் என் மனைவியிடம் சொன்னது: "இன்னாக்கா, பஸ்ஸு ஏற சொல்லோ காபி குடிப்பாங்களா? நான் நேத்து மத்யானத்லேந்தே ஒரு முழுங்கு தண்ணி தொட்ல. என் மாமியார் கத்துக் குட்த்தது." வண்டியில் இருந்த மற்ற பெண்களும் இதையே சொன்னார்கள். தங்கள் கழகத்தின் பயண விதிகளில் இது அச்சாகவில்லை. ஆனால் அச்சான விதிகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படும் விதி இதுதான்.

7. என் மனைவி அந்த விதியைக் கற்றுக்கொண்டார். மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது, முந்தின நாள் மதியச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்தினார். கத்திரிக்கு முன்பே கொளுத்திய வெயிலில், திருப்பெரும்புதூர் வரும்போது மயங்கி என் தோளில் சாய்ந்தார். வண்டியின் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு சீப்பும் பாதிக் கற்பூரப் பொட்டலமும் இருந்தன. பூந்தமல்லியில் இறக்கி மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகே கண் திறந்தார். சிறுநீரகத்தில் தொற்று என்று பத்து நாள் மருந்து சாப்பிட்டார்.

8. இதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, தங்கள் ஆய்வாளர் உணவகத்தை நேரில் பார்த்து, பெண்களுக்குத் தனி வசதி இருப்பதை உறுதி செய்துள்ளார் என்பது. திரு. வேம்புலி எங்களுக்கு அடுத்த கோவில்பதாகையில் குடியிருப்பவர். அவர் என்னிடம் சொன்னது: "ஆபீசர் கதவாண்ட நின்னுகினு படத்தப் பாத்தாரு, எழ்திகினாரு. தொறந்து பாக்கல அண்ணாத்தே." ஐயா, நானும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பரிசோதகர்தான். எங்கள் தொழிற்சாலையில் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துக் கையெழுத்திடுபவரைப் பரிசோதகர் என்று அழைப்பதில்லை.

இரண்டாவது, ஏப்ரல் 27 அன்று ஓடும் வண்டியில் விசாரித்ததில் பெண் பயணிகள் எவரும் குறை தெரிவிக்கவில்லை என்பது. ஆய்வாளர் ஓட்டுநர் அருகே நின்று உரத்த குரலில் விசாரித்திருக்கிறார். அந்த முறையில் விசாரித்தால் இந்த மாநிலத்தில் எந்தப் பெண்ணுக்கும் எந்தக் குறையும் இல்லை என்பதை நிரூபிக்க முடியும்.

மூன்றாவது, "பயணிகள் பயணத்துக்கு முன் அதிகப்படியான நீர் அருந்துவதைத் தவிர்க்கலாம்" என்னும் அறிவுரை. மயங்கி விழுந்தவருக்கு, விழக் காரணமான செயலையே மருந்தாக எழுதி, முத்திரை குத்தி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டு மடித்து உறையில் வைத்தார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

9. என் மனைவி இனி அந்த வண்டியில் ஏறாமல் இருந்துவிடலாம். ஆனால் எங்கள் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். வரும் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, தருமபுரியில் வளைகாப்பு. 31ஆம் தேதி, ஞாயிறன்று, பிரசவத்துக்காக அவளை ஆவடிக்கு அழைத்துவர வேண்டும். ரயிலில் வந்தால் நடுவழியில் வண்டி மாறி மேம்பாலப் படி ஏற வேண்டும். மருத்துவர் படி ஏறக்கூடாது என்கிறார். அவ்வளவு தூரத்துக்கு வாடகைக் கார் என் சக்திக்கு அப்பாற்பட்டது. மணிக்கொரு முறை தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிக் குடிப்பவளை ஏழு மணி நேரம் எங்கும் இறங்காமல் கொண்டுவருவது எப்படி என்பதைத் தங்கள் அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.

10. கோருவது பெரிதல்ல. அந்த வண்டி வேலூர், கிருஷ்ணகிரி பேருந்து நிலையங்களுக்குள் சென்று பத்துப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். இரண்டிலும் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறது, நானே சென்று விசாரித்தேன். நடத்துநர் யாரையும் எதையும் கேட்க வேண்டாம்; நிறுத்தினால் போதும். உணவகத்து வெங்காயத்தை வேறு அறைக்கு மாற்றி, கதவைத் திறந்து பார்க்கும் பொறுப்பைக் கழகத்துப் பெண் ஊழியர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். திரு. வேம்புலி மீது நடவடிக்கை வேண்டாம். தெரிந்த வழியில் உதவ முயன்றவர் அவர் ஒருவர்தான்.

11. மகளிடமிருந்து முந்தாநாள் கடிதம் வந்தது. அதில், "அம்மாவக் கவலப்பட வேணாம்னு சொல்லுங்கப்பா. நான் சனிக்கிழமை மத்தியானமே தண்ணிய நிறுத்திடுறேன். பஸ்ல என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது" என்று எழுதியிருக்கிறாள்.

ஆகவே தங்கள் உத்தரவு 30.5.92, சனிக்கிழமை நண்பகலுக்கு முன் தருமபுரிப் பேருந்து நிலையம் வழியாக எங்கள் கையில் கிடைக்க வேண்டும். அதற்குப் பின் வந்தால், அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

இடம்: ஆவடி
நாள்: 18.5.92

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) இரா. கஜபதி
(ஒப்பம்) க. தாயம்மாள்