தலைகீழாக மாட்டிய மீன்

ஐப்பசி, வியாழக்கிழமை

இவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் பரிசாகக் கொடுத்த கல்லைக் காலையில் ஹால் சுவரில் மாட்டினேன். ஏதோ ஓர் ஏரியில் பல லட்சம் வருடங்களுக்கு முன் செத்த மீன், முள்ளோடு அப்படியே கல்லில் பதிந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில், நம் வீட்டுச் சுவரில் மீனா என்று நேற்றே தயங்கினேன். "மத்ஸ்யாவதாரம்னு நெனச்சுக்கோயேன்" என்றார்.

சாயங்காலம் பாத்திரம் தேய்க்க வந்த செல்வி அதைப் பார்த்துச் சிரித்தாள். "மாமி, மீனத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

எனக்கு எப்படித் தெரியும்? மீனைக் கிட்டே போய்ப் பார்த்தவளா நான்? இவருக்கும் தெரியாது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன்.

ஆபீஸிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தலைகீழா இருக்கே" என்று கல்லை எடுத்துத் திருப்பி மாட்டினார். விரலால் தொட்டுக் காட்டினார். "இது நடு முள்ளு, பெரிசு, பயமில்லே. இந்தப் பொடி முள்ளுதான் தொண்டையில மாட்டிக்கும்."

சொன்னவர் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்ற வாசலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமையானால் காற்று வாங்க என்று நண்பர்களோடு முக்கொம்பு அணைக்குப் போகிறார். அங்கே வரிசையாகக் கடை போட்டு மீன் வறுக்கிறார்கள். திரும்பி வந்தால் பசியில்லை, மோர் போதும் என்பார். அன்றைக்கு மட்டும் வாயில் ஏலக்காய் மணக்கும்.

படுக்கும்போது, "இந்த ஞாயித்துக்கிழமை நானும் முக்கொம்புக்கு வரேன்" என்றேன்.



"இந்த வாரம் நாங்க போகலை" என்றார்.