விரத பிஸ்கட்

23.9.87, புதன், இரவு

இடஒதுக்கீடு கேட்டு நடக்கும் சாலை மறியலால் ஏழு நாளாக பஸ் இல்லை. கடையில் பாலும் இல்லை. டைஃபாய்டில் இளைத்துப்போன மகள் வளர்மதிக்குப் புரோட்டீன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காலையில் நானே பிஸ்கட் சுட்டேன். வேர்க்கடலை மாவு, பொட்டுக்கடலை மாவு, வெல்லம், வீட்டில் மிச்சமிருந்த இரண்டு முட்டை. மணல் பரப்பிய குண்டானில் கருகாமல் இருபத்துநான்கு வந்தன. "புரத பிஸ்கட், பத்திரம்" என்று மனைவி மரகதத்திடம் சொல்லிவிட்டு, மருந்து வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தேன்.

மாலையில் திரும்பினால் டப்பாவைக் காணோம்.

"இன்னாங்க, விரத பிஸ்கட்டுன்னுதான சொன்னீங்க? உங்க தம்பி ரோட்டுல உண்ணாவிரதம் குந்திக்கினு இருக்காரே, முடிக்கும்போது துன்னட்டும்னு குடுத்தனுப்பிட்டேன். அவரு மேல உங்க கோவம் தீந்துடுச்சின்னு நெனச்சேன்."

தமிழ் எம்.ஏ. படித்த நான், மனைவியிடமாவது புரோட்டீன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அப்பா சாகக் கிடந்தபோது எனக்குத் தந்தி அடிக்காதவன் அந்தத் தம்பி. ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஆனால் வளர்மதி காலையிலிருந்து வெறும் கஞ்சிதான் குடித்திருந்தாள். போனேன். ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரத்தில் சாய்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது.

"அது பாப்பாவுக்குச் சுட்டது" என்றேன்.

டப்பாவை நீட்டினான். "எண்ணிக்கினு போண்ணே."

சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணினேன். இருபத்துநான்கும் இருந்தன.

வளர்மதி மூன்று தின்றுவிட்டுத் தூங்குகிறாள். மிச்சம் இருபத்தொன்று. இன்னமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.