என் பெயரில் ஊதிய மூச்சு

20 ஜனவரி 2025, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினெட்டு வருடம் அந்த வார்ப்பு ஆலையில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்சம் தூசிக்காக, மீதி வேலைக்காக. இயற்பியல் பட்டம் வாங்கியவன். எழுதத் தெரியாதவன் இல்லை.

ஒரகடம் சாலையில், இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றி வண்டி உதிரிகள் செய்கிற இடம். அச்சை உடைத்து, ஒட்டிய மணலைத் தட்டித் தேய்த்து எடுக்கும் பகுதிக்கு நான் லைன் இன்சார்ஜ். மணல் அங்கே மணலாக இருக்காது, மாவாகப் பறக்கும். போன மார்ச்சில், "உடம்பு முடியலன்னா ரெஸ்ட் எடுங்க சார்" என்று சிரித்தபடி ராஜினாமாக் கடிதத்தை நீட்டினான் ஹெச்.ஆர். கோபிநாத். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

சிலிகோசிஸ் என்கிறார் நெஞ்சு டாக்டர்; மணல் தூசி நுரையீரலில் படிந்து வருவது. வேலையால் வந்த நோய் என்று மருத்துவ வாரியம் ஒத்துக்கொண்டால் ஆயுள் முழுக்க மாதாமாதம் ஊனப் பயன் தொகை உண்டு. இல்லாவிட்டால் என் மனைவி குழலியின் தையல் மிஷின்தான் கதி. 29ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

யார் யார் என்ன செய்தார்கள் என்று பெயர் போட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவேன். கீழே என் கையெழுத்தும் இருக்கும். மொட்டைக் கடிதாசி எழுதுகிற ஆள் நான் இல்லை. ஆறு வருடம் முன்பு யோசனைப் பெட்டியில் அப்படி ஒன்று வந்தது: 'தூசி தாங்க முடியல.' பெயர் இல்லை. படித்துவிட்டுக் கசக்கிப் போட்டவன் நானேதான்.

24 ஜனவரி, வெள்ளி

குளிக்கும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். வாளித் தண்ணீர் ஆறிவிட்டது.

29 ஜனவரி, புதன்

குழாயை வாயில் வைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க… விடாதீங்க, விடாதீங்க!" என்று கத்தினாள் டெக்னீஷியன் பெண், ஓடும் பஸ்ஸை நிறுத்துகிறவள் போல. மூன்று முறை ஊதினேன். மூச்சுத்திறன் முப்பத்தெட்டு சதவீதம். பிறகு நடைக்கூடத்தில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். நான்காவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துவிட்டேன்.

வயதான டாக்டர் ஆலையிலிருந்து வந்த கோப்பைப் புரட்டினார். "வருஷா வருஷம் நார்மல்னு இருக்கே. 2023ல நூத்திப் பன்னெண்டு சதவீதம். உங்க வயசுக்கு இது ஜாஸ்திங்க. ஸ்போர்ட்ஸ்மேனா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். குன்றத்தூர் மலைக்குக் குழலி மட்டும் ஏறினாள். நான் கீழே செருப்புகளுக்குக் காவல். வீட்டுக்கு வந்த பிறகுதான் தலையணைக்கடியிலிருந்து தபாலை எடுத்துக் கொடுத்தாள். நேற்றே வந்ததாம். பூசம் கழியட்டும் என்று ஒளித்து வைத்திருக்கிறாள்.

'பணிக்காலம் முழுவதும் மூச்சுத்திறன் இயல்பாக இருந்ததாகப் பதிவுகள் காட்டுவதால், நோய்க்கும் பணிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை.' மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்.

வாரியத்தைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. தாளில் இருந்ததைத்தான் படித்தார்கள்.

14 பிப்ரவரி, வெள்ளி

சரி. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த நூற்றுப் பன்னிரண்டு என் மூச்சு இல்லை. டில்லிபாபுவின் மூச்சு.

ஒவ்வொரு ஜூனிலும் ஆலைக்கு மெடிக்கல் வேன் வரும். ஊதித் தேறாதவன் 'அன்ஃபிட்'. அடுத்த மாதம் கேட்டுக்கு வெளியே நிற்பான். 2017இல் பேச்சிராஜை அப்படித்தான் அனுப்பினார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிருப்பம்லா அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போனார். அடுத்த வருடம் டோக்கன் கொடுக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. வேனில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். டோக்கன் எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். யோசனை என்னுடையதுதான். படித்த மூளை அல்லவா? நெஞ்சு கெட்டவர்களின் டோக்கன்களை டில்லிபாபு கையில் கொடுத்தேன். என் லைனில் வேலை செய்கிறவன். கபடி ஆடிய உடம்பு. சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே காலையில் ஐந்து பேருக்கு ஊதுவான்.

"ணா, உனுக்கு இன்னா வயசு வோணும்? முப்பதா, இருபத்தஞ்சா?"

"அளவா ஊதுடா. மெஷின் கிழிஞ்சிடப் போவுது."

"நீ வேற! போன தபா உன் நம்பருக்கு ஊதசொல்லோ அந்த நர்ஸம்மா கை தட்டிச்சி, தெரியுமா?"

கேன்டீனே சிரித்தது. டீயும் சமோசாவும் என் செலவு. 2019 முதல் என் டோக்கனும் அவன் கையில்தான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

டில்லிபாபுவுக்குப் போன் செய்தேன். "நான்தான் ஊதினேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுடா. அது போதும்."

"அத மட்டும் கேக்காதணா."

"ஏன்டா?"

"வேணாம்ணா. என்ன வுட்ரு." வைத்துவிட்டான்.

அவன் பெண் பூஜாவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கை ஒரு வருடம் சொல்லிக் கொடுத்தவன் நான். என் மூச்சு போகலாம். இவன் வேலை போகக்கூடாது. கோழைப் பயல். கோபிநாத்துக்குக் கீழே இவன் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

6 மார்ச், வியாழன்

காஞ்சிபுரத்தில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு முகாம். இரண்டு மணி நேரம் வரிசை. கண், காது, கை, கால், ரத்தம், நரம்பு… பட்டியலில் நுரையீரல் மட்டும் இல்லை சார் என்றாள் மேசையிலிருந்த பெண். அவளுக்கே வருத்தம். எனக்கு முன்னால் இருந்தவர் செயற்கைக் காலை ஊன்றி எழுந்து, "நீங்க குந்துங்க சார், ரொம்ப இழுக்குது" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார்.

உட்கார்ந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

மேல்முறையீட்டுக் கடிதம் முடிந்தது. ஏழு பக்கம். எல்லாப் பெயரும் இருக்கிறது. கையெழுத்தும் போட்டாயிற்று.

குழலி படித்தாள். "டில்லி பேரும் கீதே?"

"இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்குது."

"நான் செத்தா உனக்கு யார் இருக்கா?"

"சாவற பேச்ச என்கிட்ட பேசாதீங்க." மிஷினுக்குத் திரும்பிக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்க நான்கு முறை முயன்றாள்.

அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். முதுகில் குத்துகிற பழக்கம் எனக்கில்லை.

16 மார்ச், ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூரில் டில்லிபாபு மாடி வீட்டில் இருக்கிறான். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, அவன் படியில் தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டிருந்தான். மூன்று படி ஏறினான். கேனைக் கீழே வைத்தான். சுவரில் உள்ளங்கையைப் பதித்து, உதட்டைக் குவித்து, மெல்ல மூச்சை விட்டான்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

"எத்தினி நாளாடா?"

திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லத் தோன்றவில்லை போலும். "மூணு வருசம் ஆவுதுணா."

"அப்போ 2023ல எனக்கு ஊதினது யாரு?"

"சாம்சன். பெயின்டிங் செக்சன். எனுக்கும் அவன்தான், உனுக்கும் அவன்தான். நான் சட்டைய கொடுத்ததோட சரி." சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கேன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் வந்து எழுதிக் குடுத்தா, எங்க இன்னொரு தபா ஊதிக் காட்டுன்னுவான். நான் இன்னாத்த ஊதறது? பூஜா படிச்சி முடிக்கிற வரிக்கும் வுட்ருணா. வூட்ல யாருக்கும் தெரியாது."

பையில் அந்த ஏழு பக்கம். சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கமாகக் கேனைப் பிடித்துத் தூக்கினோம். ஒரு படி, ஒரு நிறுத்தம். மேலே போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் பேச்சு வரவில்லை. பூஜா கதவைத் திறந்து, "இன்னாப்பா, ரெண்டு பேரும் ஓட்டப் பந்தயமா?" என்றாள்.

17 மார்ச், திங்கள்

ஐந்து பேருக்கு ஊதின நெஞ்சு அது. டோக்கன் கொடுத்த கை என் கை. பட்டியலில் முதல் பெயர் யாருடையதாக இருந்திருக்க வேண்டும்?

ஏழு பக்கத்தையும் கிழித்தேன்.

14 ஏப்ரல், திங்கள்

வருடப் பிறப்பு. ஏதோ தோன்றி, பேச்சிராஜின் பழைய எண்ணை அழுத்தினேன். எடுத்தார்! செத்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

"மூச்சு அப்படித்தான் அண்ணாச்சி, கெடக்கேன். ஆனா மாசாமாசம் வருது. கடைசியா வேன்ல ஊதுன தாளு இருந்துச்சுல்லா? வேலையில இருக்கும்போதே கெட்டுப்போச்சுன்னு அதுல போட்டிருந்தான். போர்டுல அத வச்சுத்தான் குடுத்தாங்க. ஒங்க புண்ணியம், நல்லாருங்க."

என் புண்ணியமாம். அவரைப் போல யாரும் வெளியே போகக்கூடாது என்றுதானே டோக்கனை மாற்றினேன். தன் மூச்சைத் தானே ஊதின ஒரே ஆளுக்குத்தான் சோறு கிடைத்திருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரையும் நான் காப்பாற்றினேன்.

அழுதேன் என்று எழுதுவதில் என்ன வெட்கம்? அழுதேன்.

28 ஏப்ரல், திங்கள்

மேல்முறையீட்டுக்கு இன்னும் இரண்டு வாரம். உண்மையைச் சொல்லி மேல்முறையீடு செய்தால் முதல் கேள்வி: உனக்கு ஊதியது யார்? டில்லி மோசடிக்காரனாக வெளியே போவான். பேசாமல் இருந்தால் இந்த ஜூனிலும் சாம்சன் ஊதுவான். டில்லியின் பெயரிலும் நூற்றுப் பன்னிரண்டு ஏறும். பிறகு ஒரு நாள் என்னைப் போலவே அந்த நடைக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஒரே பக்கத்தில் எழுதினேன். வேனில் டோக்கனைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் அவரவர் மூச்சை ஊத வையுங்கள். குறைந்திருந்தால் அதைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். இவ்வளவுதான். யார் பெயரும் இல்லை. கோபிநாத் பெயர்கூட இல்லை. அதற்குத்தான் ரொம்பவும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மொட்டைக் கடிதாசியைக் கசக்கிப் போடுகிறவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால் மூன்று பிரதி, மூன்று அலுவலகங்களுக்கு.

குழலி உறையில் பசை தடவிக்கொண்டே கேட்டாள். "பேரு போடலையா?"

"இல்ல."

"அப்போ நம்ப கேஸு?"

"அவ்ளோதான்."

உறையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒட்டுவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

டில்லிக்கு வேலை போகலாம். போனால் என்னைத்தான் சபிப்பான். பெயர் இல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். சபிக்கட்டும். அவன் கையில் ஒரு உண்மையான தாள் இருக்கும்.

தபால் பெட்டிக்கு நடுவில் நான்கு இடத்தில் நிற்க வேண்டும். காலையில் கம்பெனி பஸ் போன பிறகு நானே போய்ப் போடுகிறேன், கையெழுத்தில்லாமல்.